கல்லுக்குக் கண் கொடுத்த ஜெகதீச சந்திர போஸ்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குள் நுழைந்தால், எந்திரங்களின் மேல் சின்னஞ்சிறு விளக்குகள் மின்னுவதைக் காணலாம். பச்சை எரிந்தால் எந்திரம் ஓடுகிறது. சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. சில விளக்குகள் கண் சிமிட்டுவது போல விட்டு விட்டு எரியும்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மின்னணுத் தொழில் கற்கும் பிள்ளைகள் பலர் முதன்முதலில் செய்து பார்ப்பதும் இப்படிக் கண் சிமிட்டும் விளக்கைத்தான். இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், நான்கு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. விளக்கு. இவ்வளவுதான் வேண்டும். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும்.

இதில் டிரான்சிஸ்டரும் எல்.இ.டி. விளக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செம்புக் கம்பி மின்சாரத்தைத் தாராளமாக விடும். கண்ணாடி விடவே விடாது. இந்த இரண்டுக்கும் நடுவே, விட்டும் விடாமலும் இருக்கிற பொருள்கள் சில உண்டு. அவற்றுக்குக் குறைகடத்திகள் என்று பெயர். இன்றைய ரேடியோ, தொலைக்காட்சி, கணினி, கைபேசி எல்லாம் அவற்றால்தான் இயங்குகின்றன.

அத்தகைய ஒரு கல்லை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையைக் கண்டுபிடிக்கும் வேலையில் முதன்முதலாக அமர்த்தியவர் யார்? கல்கத்தாவில் வாத்தியார் வேலை பார்த்த ஓர் இந்தியர். அந்தக் கல்லைக் காட்டிக் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். அவர் ஆகவில்லை. ஆக விரும்பவும் இல்லை.

அவர்தான் ஜெகதீச சந்திர போஸ்!

மீனவர் மகனோடு படித்தவர்

போஸ் பிறந்தது 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. ஊர் வங்காளத்தில் உள்ள மைமன்சிங். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. தகப்பனார் பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தார்.

அந்தக் காலத்தில் அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதினார்கள். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒரு பக்கம் அவருடைய சேவகரின் மகன் உட்கார்ந்தான். அவன் ஒரு முஸ்லிம் சிறுவன். இன்னொரு பக்கம் மீனவர் ஒருவரின் மகன். அவர்கள் சொன்ன பறவைக் கதைகளையும் மீன் கதைகளையும் கேட்டுத்தான் இயற்கையின் மேல் தனக்கு ஆசை வந்ததாகப் பிற்காலத்தில் போஸ் நினைவு கூர்ந்தார்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தார். அங்கே லபான் என்ற பாதிரியார் பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் நடத்தாமல், கருவிகளை வைத்துச் செய்து காட்டினார். போஸின் மனம் பௌதிகத்தில் பதிந்தது.

1880-ல் போஸ் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். முதலில் மருத்துவம் படித்தார். ஆனால் காய்ச்சல் அவரை விடவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர்.

மூன்று ஆண்டு சம்பளம் வாங்கவில்லை

1885-ல் போஸ் நாடு திரும்பினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அதில் ஒரு முள் இருந்தது.

அதே வேலை பார்க்கும் வெள்ளைக்காரருக்குக் கிடைக்கிற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகம் என்று சொல்லி, அதிலும் பாதியைத்தான் கொடுக்க முன்வந்தார்கள்.

போஸ் வேலையை விடவில்லை. சண்டை போடவும் இல்லை. சம்பளத்தை வாங்க மறுத்துவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று ஆண்டுகள்! தினமும் கல்லூரிக்குப் போனார், பாடம் நடத்தினார், வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

வீட்டில் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. தகப்பனார் ஊர் நன்மைக்காகத் தொடங்கிய காரியங்கள் நஷ்டத்தில் முடிந்து, கடன் ஏறியிருந்தது. இந்த நிலையில்தான் 1887-ல் போஸுக்குத் திருமணம் நடந்தது.

மணமகள் அபலா. அவருக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமாக இருந்த காலத்தில், 1882-ல் வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அபலா. உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் ஊர் திரும்பினார். கணவரின் பிடிவாதத்துக்குக் கடைசி வரை துணை நின்றவர் அவர்.

மூன்று ஆண்டுக்குப் பிறகு அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். போஸின் வேலை நிரந்தரம் ஆயிற்று. முழுச் சம்பளமும், பழைய பாக்கியும் ஒரே தொகையாகக் கைக்கு வந்தன. அந்தப் பணத்தைப் போஸ் தகப்பனாரின் கடனை அடைக்கப் பயன்படுத்தினார்.

ரயில்வே கைடும் சணலும்

1894 நவம்பர் 30. போஸுக்கு 36 வயது நிரம்பியது. இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று அன்று முடிவு செய்தார்.

ஆராய்ச்சிக்கு இடம்? கல்லூரியில் கிடைத்தது 24 சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற இடம்! கருவி செய்ய ஆள்? படிப்பறிவு இல்லாத ஒரு தகரத் தொழிலாளிக்குப் போஸே வேலை பழக்கினார். செலவுக்குச் சொந்தச் சம்பளம்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மின்பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் புறப்படுவதைக் காட்டியிருந்தார். இன்று அவற்றை ரேடியோ அலைகள் என்கிறோம். அவை நீளமானவை. மேசை மேல் வைத்து ஆராய வசதிப்படாதவை. போஸ் வெறும் 5 மில்லி மீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். ஓர் அரிசியின் நீளம்தான் இருக்கும்.

அந்த அலைகளைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் வேடிக்கையானவை. ரயில் நேரம் பார்க்கும் தடித்த புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவே ஈயத்தாள்களைச் செருகினார். அந்தப் புத்தகம் ஒரு வாக்கில் அலையை விட்டது; திருப்பி வைத்தால் தடுத்தது. வங்காளத்தில் விளைகிற சணலை முறுக்கி வைத்து, அலை திரும்புவதைக் காட்டினார். வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவிக்குப் பதில் ரயில்வே கைடும் சணலும்!

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு காட்சி நடத்தினார். ஒரு பக்கத்தில் அலை புறப்பட்டது. கம்பி கிடையாது. சுவர்களைத் தாண்டி, 75 அடி தூரத்தில் இருந்த அறையில் மணி ஒலித்தது. வெடிமருந்து தீப்பற்றியது. கூட்டம் வியந்தது.

1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் பேசிய மேடையில் போஸ் பேசினார்.

கல் கண்ணாக மாறியது

அலையை அனுப்பினால் போதாது. அது வந்து சேர்ந்ததா என்று அறிய வேண்டும். அதற்குப் போஸ் பல பொருள்களைச் சோதித்தார். அவற்றில் ஒன்று கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த, கறுத்துப் பளபளக்கும் ஒரு தாதுக் கல்.

இத்தகைய கற்களில் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும், எதிர்த் திசையில் சிரமப்பட்டும் போகிறது என்பதை 1874-ல் ஜெர்மனியின் பிரௌன் கவனித்திருந்தார். ஆனால் அதை ரேடியோ அலையைப் பிடிக்கப் பயன்படுத்தியவர் போஸ்.

கல்லின் மேல் ஒரு முனை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். அலை வந்து பட்டதும், அதன் வழியே ஓடும் மின்சாரத்தின் அளவு மாறும். அருகில் உள்ள முள் அசைந்து காட்டிக் கொடுக்கும்.

இன்னொரு அதிசயமும் தெரிந்தது. அந்தக் கல் ரேடியோ அலைக்கு மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அசைந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரிவது ஒளி மட்டுமே. போஸின் கல்லுக்கு இரண்டும் தெரிந்தன. அதனால் அதை ஒரு செயற்கைக் கண் என்றே அவர் விளக்கினார்.

முதலாளி வந்தார்

1901 மே மாதம். போஸ் மறுபடியும் லண்டனில் இருந்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவருடைய சொற்பொழிவு நடக்கவிருந்தது.

அதற்குச் சற்று முன்பு, ஒரு பெரிய தந்தி நிறுவனத்தின் முதலாளி அவரைத் தேடி வந்தார். கையில் காப்புரிமை விண்ணப்பம்! கண்டுபிடிப்பைச் சொற்பொழிவில் முழுவதும் வெளியிட்டுவிட வேண்டாம், காப்புரிமைக்கு ஏற்பாடு செய்து தருகிறேன், லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கொண்டுவந்த யோசனை.

காப்புரிமை என்றால் என்ன? ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்தவர் அதைப் பதிவு செய்துகொள்வது. பிறகு சில ஆண்டுகளுக்கு, அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. கம்பியில்லாத் தந்தி உலகையே மாற்றப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரம் அது. போஸ் தலையை அசைத்திருந்தால் போதும், பணம் குவிந்திருக்கும்.

போஸ் மறுத்துவிட்டார். பணத்தாசை என்ற சுழலில் ஒரு முறை கால் வைத்தால் மீள வழி இல்லை என்று அவர் அஞ்சினார். தம் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு இந்தச் சம்பவத்தை எழுதித் தெரிவித்தார். அறிவு எல்லோருக்கும் பொது. அதற்கு வேலி போடக் கூடாது என்பது அவர் கொள்கை.

நண்பர்கள் கவலைப்பட்டார்கள். விவேகானந்தரின் சீடர்களான சகோதரி நிவேதிதையும் அமெரிக்கப் பெண்மணி சாரா புல்லும் அவரை விடவில்லை. அவர்கள் வற்புறுத்தலால் 1901 செப்டம்பர் 30-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் பதிவாயிற்று. 1904 மார்ச் 29-ல் காப்புரிமை வந்தது. அதன் எண் 7,55,840. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை அதுதான்!

அப்போதும் போஸ் அதை வைத்துப் பணம் சம்பாதிக்கவில்லை. அது காலாவதி ஆகும்வரை பேசாமல் இருந்துவிட்டார்.

லாபமா, நஷ்டமா?

இதனால் நஷ்டம் இல்லையா? உண்டு.

1901 டிசம்பரில் இத்தாலியரான மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த ரேடியோ செய்தியைப் பெற்றார். அவர் பயன்படுத்திய பாதரசக் கருவி, போஸ் 1899-லேயே வெளியிட்ட கருவியை ஒத்தது என்று பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1909-ல் நோபல் பரிசு மார்கோனிக்கும் பிரௌனுக்கும் கிடைத்தது. கல் ரேடியோ உலகெங்கும் பரவியபோது அதைச் செய்து விற்றவர்கள் வேறு பலர். போஸின் பெயரை அதோடு சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு.

போஸ் வேறு பாதையில் திரும்பிவிட்டார் என்பதும் ஒரு காரணம். கல்லை விட்டுச் செடிக்குப் போனார்!

வினாடியைப் பிளந்தவர்

தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலை மூடிக்கொள்கிறது. தொட்ட உடனேயா மூடுகிறது? நடுவே கொஞ்சம் நேரம் ஆகிறதா? எவ்வளவு நேரம்? இப்படிக் கேட்டார் போஸ்.

அந்த நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கக்கூடும். சாதாரணக் கடிகாரம் அதற்கு உதவாது. போஸ் ஒரு புதுக் கருவி செய்தார். புகை படிந்த கண்ணாடியின் மேல் மெல்லிய ஊசி ஒன்று, அளந்து வைத்தாற்போல வினாடிக்கு நூறு தடவை அதிர்ந்து புள்ளி வைத்துக்கொண்டே போகும். இரண்டு புள்ளிக்கு நடுவே நூற்றில் ஒரு வினாடி. தொட்ட புள்ளியிலிருந்து இலை அசைந்த புள்ளி வரை எண்ணினால் நேரம் தெரிந்துவிடும்.

செடி வளர்வதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியையும் செய்தார். செடிக்கும் உணர்ச்சி உண்டு என்ற அவருடைய கருத்தை மேல்நாட்டு உடலியல் நிபுணர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். லண்டன் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரை ஒன்றை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. போஸ் மனம் தளரவில்லை. 1902-ல் தாமே புத்தகமாக வெளியிட்டார். 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

கண் சிமிட்டும் விளக்கு

போஸ் விட்டுச் சென்ற கல் சும்மா கிடக்கவில்லை.

1907-ல் ரவுண்ட் என்ற ஆங்கிலேயர், ரேடியோவுக்குப் பயன்படும் கார்போரண்டம் என்ற படிகத்தில் மின்சாரம் பாய்ந்தபோது மங்கலான ஒளி தெரிவதைக் கண்டார். ரஷ்யாவில் லோசெவ் என்ற இளைஞர் 1920-களில் அந்த ஒளியை நுணுக்கமாக ஆராய்ந்தார். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சி சாலையில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1962-ல் ஹொலோன்யாக் என்ற அமெரிக்கர் சிவப்பு ஒளி வீசும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார்.

டிரான்சிஸ்டர் என்பது ஒரு குழாய்த் திருகு மாதிரி. அதற்கு மூன்று கால்கள். பேஸ் என்ற காலில் சொட்டு மின்சாரம் விட்டால், மற்ற இரண்டு கால்களின் வழியே அதைப் போலப் பல மடங்கு பாயும். பேஸில் சுமார் 0.6 வோல்ட் வரும் வரை அது திறக்காது. வந்ததும் திறந்துவிடும்.

கெப்பாசிட்டர் ஒரு குடம். ரெசிஸ்டர் அந்தக் குடத்துக்குத் தண்ணீர் வரும் ஒடுங்கிய வாய்க்கால். வாய்க்கால் ஒடுக்கமாக இருந்தாலும், குடம் பெரிதாக இருந்தாலும் நிரம்ப நேரம் ஆகும். அந்த நேரமே கடிகாரம்!

இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றோடு ஒன்று மாற்றிப் பிணைத்துவிட்டால், ஒன்று திறக்கும்போது மற்றது மூடும். ஒன்றின் குடம் நிரம்பியதும் ஆட்டம் மாறும். பேஸுக்கு 1 லட்சம் ஓம் ரெசிஸ்டரும், 10 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டரும் போட்டால், விளக்கு சுமார் 0.7 வினாடி எரியும், 0.7 வினாடி அணையும். கெப்பாசிட்டர்களை 100 மைக்ரோ பாரட் ஆக மாற்றினால் ஏறக்குறைய 7 வினாடி. 1.5 வோல்ட் பேட்டரி நான்கு போதும். எல்.இ.டி.யோடு வரிசையில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு கருகிவிடும்.

எல்.இ.டி.யைத் திருப்பி மாட்டினால் எரியாது. காரணம், அதுவும் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் படிகம். கல்கத்தாவில் 24 சதுர அடி இடத்தில் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த மனிதரின் வேலை, இந்தச் சிறு விளக்குக்கு மூத்தது.

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிராட்டன், ரேடியோ அலையைப் பிடிக்கக் குறைகடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று ஒப்புக்கொண்டார். நோபல் பரிசு பெற்ற ஆங்கில விஞ்ஞானி மாட், போஸ் தம் காலத்துக்கு 60 ஆண்டுகள் முந்தியவர் என்று கருதினார். உலக மின்பொறியாளர் சங்கம் 2012-ல் அவருடைய சோதனைகளை ஒரு மைல்கல்லாக அறிவித்தது.

அவர் போட்ட விதி

1917 நவம்பர் 30. போஸுக்கு 59 வயது. அன்று கல்கத்தாவில் தம் சேமிப்பையும் பொதுமக்கள் நன்கொடையையும் கொண்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். சாதாரணக் கட்டடமாக அல்ல, கோயிலாக அதை நினைத்தார். வங்க மொழியில் அதற்கு வைத்த பெயரும் விஞ்ஞானக் கோயில் என்று பொருள்படும். அங்கே கண்டுபிடிக்கப்படுவது எல்லாம் உலகுக்குப் பொது, காப்புரிமை எடுக்கப்படாது என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார்.

24 சதுர அடிக்காகத் தவித்தவர், தமக்குப் பின் வருகிறவர்கள் தவிக்கக் கூடாது என்று செய்த காரியம் அது. அவரிடம் பாடம் கேட்ட சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்கள்.

1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார். 79-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. டிரான்சிஸ்டர் பிறக்க இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. அதை அவர் பார்க்கவில்லை.

சம்பளம் குறைவு என்றபோது, வர வேண்டியதை விட்டுக்கொடுக்காமல் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார் போஸ். கோடி கோடியாக வரும் என்றபோது வேண்டாம் என்றார். முன்னது உரிமை. பின்னது தானம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த மனிதர் அவர்.

அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் கல்கத்தாவில் நூறு ஆண்டுகளைக் கடந்து நடந்து வருகிறது.